ஊராட்சிக்கு இணையம்: எந்த வழி, எந்த வரிசையில்?

எங்கள் ஊராட்சியின் கடைசிக் குக்கிராமம் மலையை ஒட்டி இருக்கிறது. அடிவாரம் என்போம். அங்கே ரேஷன் கடையில் விற்பனையாளர் கைரேகை இயந்திரத்தை ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த ஒரு முழ இடத்தில்தான் சிக்னல் வரும். வரிசையில் நிற்கும் அம்மா கடையைச் சுற்றி வந்து, அந்தக் கைக்குக் கீழே நின்று கட்டைவிரலை வைப்பார். மூன்று தடவை வைத்தும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், "நாளைக்கு வாங்கம்மா" என்று பதில் வரும். மறுநாள் வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும்.

நான் சேலம் பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தேன். 2020 ஜனவரியில் பதவியேற்றோம். இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்தது, பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் போனது. குடிநீர், தெருவிளக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கிராம சபையில், "மெம்பரே, நெட்டுக்கு ஊராட்சி ஒண்ணும் செய்யாதா?" என்று முதன்முதலாகக் கேட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு அலைந்து, கேட்டு, சில இடங்களில் ஏமாந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பக்கத்து ஊராட்சிகளில் இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு அலைச்சலாவது குறையட்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வரும் பிராட்பேண்ட் ஒரு பிரச்சினை, கைப்பேசி சிக்னல் இன்னொரு பிரச்சினை. இரண்டுக்கும் வழி வேறு, கேட்க வேண்டிய ஆளும் வேறு. நாங்கள் முதலில் போட்ட தீர்மானத்தில் "எங்கள் ஊராட்சிக்கு இணைய வசதி செய்து தர வேண்டும்" என்று ஒரே வரி எழுதினோம். அது எந்த மேசைக்கும் பொருந்தாமல் சுற்றிச் சுற்றி எங்களிடமே திரும்பி வந்தது.

ஊராட்சியின் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். பணம் அதிகமில்லை. 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 சதவீதத்தில் ஊரின் மற்ற எல்லாத் தேவையும் வரிசையில் நிற்கும். ஆனால் பணம் தவிர வேறு சில உண்டு: பூட்டு உள்ள ஓர் அறை, மின் இணைப்பு, புறம்போக்கு நிலம், அனுமதி கொடுக்கும் இடம், வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். இணைய விஷயத்தில் பணத்தை விட இவைதான் அதிகம் உதவின.

பெட்டி வந்தாச்சு, லைன் வரவில்லை

முதல் வழி பாரத்நெட். 2011 அக்டோபரில் தேசிய கண்ணாடி இழை வலையமைப்பு என்ற பெயரில் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கேபிள் கொண்டுபோவது நோக்கம். 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் இரண்டாம் கட்டத்தை மாநில அரசே தன் டான்ஃபினெட் நிறுவனம் மூலம் செய்கிறது. 12,525 கிராம ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் 1 ஜிகாபிட் வேகம், 1,815 கோடி ரூபாய் என்பது கணக்கு. கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே வருகிறது.

1 ஜிகாபிட் என்பது ஆயிரம் மெகாபிட், நாம் பேச்சில் எம்.பி. என்பது அந்த மெகாபிட்டைத்தான். சின்ன விஷயம் இல்லை. தெளிவான ஒரு வீடியோவுக்கு 5 எம்.பி. வேகம் போதும். இருநூறு வீட்டில் ஒரே நேரத்தில் படம் ஓடினாலும் அந்த ஒரு கேபிள் தாங்கும். எங்கள் ஊரில் மொத்தமே எழுநூறு வீடு.

ஆனால் அது வந்து நிற்கும் இடம் ஊராட்சி அலுவலகம். ரவுட்டர், யு.பி.எஸ். எல்லாம் வைத்த ஒரு ரேக், அதைத்தான் பெட்டி என்கிறேன். அங்கிருந்து வீட்டுக்கு யார் இழுப்பது என்பதில்தான் நாடு முழுக்கவே இந்தத் திட்டம் திணறுகிறது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, ஒன்றரைக் கோடி கிராமப்புற வீடுகளுக்கு இணைப்பு என்று தனியாக ஓர் இலக்கு வைத்ததற்குக் காரணம் இதுதான். ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்தால் ஊருக்கு இணையம் வந்த மாதிரி ஆகாது என்பதை அரசே ஒப்புக்கொண்டது. கடைசித் தூரத்துக்கு உள்ளூர் ஆட்களை உரிமதாரர்களாகச் சேர்க்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் முன்வருகிறாரா என்பதுதான் கேள்வி.

பெட்டி வந்த பிறகு ஊராட்சி செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சாயங்காலம் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது காலங்காலமான பழக்கம். பெட்டி வைத்த பிறகும் அதே பழக்கம் தொடர்ந்தது. யு.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று மணி நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு அடங்கிவிடும். இரவு முழுக்க லைன் செத்துக் கிடக்கும், காலையில் உயிர் வரும். வெளியில் எங்கேயோ கேபிள் அறுந்திருக்கிறது என்று ஒரு மாதம் புகார் எழுதினோம். கடைசியில் சரிசெய்ய வந்த பையன் ஒருவர்தான் சுவிட்ச் போர்டைக் காட்டி, "இதுக்குத் தனி லைன் போடுங்கண்ணா" என்றார். எலக்ட்ரீஷியன் கூலியும் வயரும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ஆனது. ஒரு மாதத் தொல்லை அத்தோடு தீர்ந்தது. உங்கள் ஊருக்குப் பெட்டி வருகிறதென்றால், முதல் நாளே அதற்குத் தனி மின்லைன் போடச் சொல்லுங்கள். அறைச் சாவி ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். ஒரே சாவி ஊராட்சி செயலரிடம் இருந்து, அவர் ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்குப் போய்விட்டால், பழுது பார்க்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போவார்.

கேபிள்காரர் என்ற வழி

இரண்டாவது வழி ஏற்கெனவே ஊரில் இருப்பவர்: கேபிள் டி.வி. நடத்துபவர். இன்றைக்கு அவர்களில் பலர் ஏதாவது ஒரு பெரிய இணைய நிறுவனத்தின் லைனை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். பி.எஸ்.என்.எல்.-லும் கிராமங்களில் இப்படி உள்ளூர்ப் பங்குதாரர்கள் மூலம் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை இணைப்பு தருகிறது. மாதம் நானூறு, ஐந்நூறு ரூபாய் கணக்கில் வரும். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, விலை கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

காகிதத்தில் வைத்துப் பார்த்தால் எல்லா ஃபைபரும் ஒன்றுதான். 50 எம்.பி., 100 எம்.பி. என்று எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கத் தோன்றும். நாங்களும் முதலில் அப்படித்தான் அட்டவணை போட்டோம். ஒரு வைக்கோல் லாரி எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது.

அறுவடை முடிந்த சமயம். உயரமாக வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று காலனி முக்கில் திரும்பும்போது, தாழ்வாகத் தொங்கிய இரண்டு கேபிள்களையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்று உள்ளூர் கேபிள்காரருடையது. இன்னொன்று வெளியூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தினுடையது. வீடுகளில் பெட்டியில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாக எரிய ஆரம்பித்தது. வெளியூர் நிறுவனத்துக்குப் போன் செய்தால் ஒரு புகார் எண் வந்தது, பிறகு இன்னொரு புகார் எண் வந்தது. ஆள் வந்தது ஒன்பதாம் நாள்.

உள்ளூர்த் தம்பி ஒரு மணி நேரத்தில் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-லில் வந்தார். வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் சாப்பாட்டு டிபன் அளவுக்கு ஒரு மெஷினை வைத்தார். கேபிளின் கறுப்புத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் முடி மாதிரி இழையை எடுத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, நுனியைச் சின்னக் கத்திப் பெட்டியில் வைத்து ஒரே வெட்டாக வெட்டினார். இரண்டு நுனியையும் மெஷினுக்குள் வைத்து மூடியதும் சின்னத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்குவது தெரிந்தது. ஒரு பொறி. கோடு ஒன்றாகிவிட்டது. "பாயிண்ட் ஸீரோ டூ, நல்ல ஜாயிண்டு" என்றார். இணைப்பில் வீணாகும் சிக்னலின் அளவு அது, குறைந்தால் நல்லது. இணைத்த இடத்தில் சின்னக் குழாய் ஒன்றை ஏற்றிச் சூடு காட்டினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. அவர் குடித்த டீ மட்டும் அதை விட நேரம் எடுத்தது.

அன்றைக்கு எங்கள் அட்டவணையில் வேகத்தைக் கீழே இறக்கிவிட்டு, முதல் பத்தியில் ஒரு கேள்வியை எழுதினோம்: அறுந்தால் யார் வருவார், எவ்வளவு தூரத்திலிருந்து? அந்த மெஷின் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். பதினைந்து கிலோமீட்டருக்குள் மெஷினும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் இருந்தால், 30 எம்.பி. இணைப்பே போதும். அப்படி யாரும் இல்லையென்றால் 300 எம்.பி. என்று எழுதிக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். கேபிள்காரர் தனியார், லாபம் வரும் தெருவுக்குத்தான் போவார். எங்கள் ஊரில் மெயின் தெருவில் முப்பது வீட்டுக்கு லைன் வந்து ஒரு வருடம் ஆன பிறகும் காலனிக்கு வரவில்லை. தூரம் இருநூறு மீட்டர்கூட இல்லை. "அங்க யாரும் கேக்கலைங்க" என்பது அவர் சொன்ன காரணம். யாரும் கேட்கவில்லையா, கேட்டால் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனியில் வீடு வீடாகப் போய் விருப்பம் கேட்டு எழுதினோம். இருபத்திரண்டு வீடுகள் சேர்ந்தன. அந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அடுத்த வாரமே கம்பத்தில் கேபிள் ஏறியது. ஊராட்சிக்கு ஒரு பைசா செலவில்லை. தேவையை எண்ணிக் காட்டுவது ஊராட்சியால் முடிகிற வேலை, அதைத் தனியார் தானாகச் செய்ய மாட்டார்.

இன்னொரு சிக்கல் கம்பம். மின்வாரியக் கம்பத்தில் அனுமதி வாங்காமல் கட்டினால், லைன்மேன் ஒரு நாள் அறுத்துப் போட்டுவிடுவார். அவர் மேல் தப்பும் இல்லை. அதனால் அனுமதித் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

காற்றில் வருபவை

மொட்டை மாடியில் ஒரு பெட்டியை மாட்டி 5ஜி டவரிலிருந்து வீட்டுக்கு இணையம் எடுப்பது மூன்றாவது வழி. ஏர்டெல், ஜியோ இரண்டுமே ஏர்ஃபைபர் என்ற பெயரில் 2023-ல் தொடங்கின. கேபிள் இல்லை, அதனால் அறுந்துபோகும் கவலையும் இல்லை, இரண்டு நாளில் மாட்டிவிடுவார்கள். 5ஜி வலுவாக இருக்கும் ஊருக்கு இது நல்ல வழி. இல்லாத ஊருக்கு இது ஒரு வழியே இல்லை. வாங்கும் முன் ஒரு 5ஜி கைப்பேசியோடு இரவு எட்டு மணிக்கு மாடியில் நின்று வேகம் பாருங்கள். பகல் பதினோரு மணிக்கு எல்லா ஊரிலும் நல்ல வேகம்தான் வரும். எட்டு மணிக்கு ஊரே அந்த ஒரு டவரைப் பிடித்து இழுக்கும்போது வருவதுதான் உங்களுக்கு உண்மையில் கிடைக்கப்போகும் வேகம்.

செயற்கைக்கோள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கிடைத்தது. ஒன்வெப், ஜியோ இரண்டும் அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தன. பழைய செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை, பேசினால் மறுமுனைக்குப் போய்ச் சேரவே தாமதமாகும். ஸ்டார்லிங்க்கின் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன, தாமதம் தெரியாது. கேபிளும் போகாத, டவரும் தெரியாத காட்டுக்குள் இருக்கும் பள்ளி, சுகாதார நிலையம், வனத்துறைக் குடியிருப்பு போன்ற இடங்களுக்கு இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். ரோட்டோரம் இருக்கும் ஊராட்சிக்கு ஃபைபரை விட்டுவிட்டு இதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. வானம் திறந்த இடமும் இரவு பகல் மின்சாரமும் இதற்கும் வேண்டும்.

டீக்கடை வைஃபை

பி.எம்.-வாணி என்று ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தக் காலத்து எஸ்.டி.டி. பூத் மாதிரி, டீக்கடையோ மளிகைக் கடையோ ஒரு பிராட்பேண்ட் லைன் எடுத்து, வைஃபை கருவி வைத்து, பத்து ரூபாய்க்கு இருபது ரூபாய்க்கு டேட்டா விற்கலாம். உரிமமும் வேண்டாம், பதிவுக் கட்டணமும் வேண்டாம். ஆரம்பத்தில் இது ஓடவில்லை. கடைக்காரருக்கு வீட்டு விலையில் லைன் கொடுக்காமல், விலை கூடுதலான குத்தகை லைன் எடுக்கச் சொன்னார்கள். டீ விற்கிறவருக்கு அது எப்படிக் கட்டும்? 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட கட்டண உத்தரவின்படி 200 எம்.பி. வரையிலான லைனுக்கு வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. அதன் பிறகு கணக்கு ஓரளவு உதைக்காமல் நிற்கிறது.

எல்லா வீட்டுக்கும் மாதம் ஐந்நூறு ரூபாய் கட்ட முடியாது. தேர்வு விண்ணப்பம் போடும் ஒரு வாரம் மட்டும், உதவித்தொகைப் பதிவு செய்யும் இரண்டு நாள் மட்டும் இணையம் வேண்டும் என்கிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு இது பொருத்தம். ஆனால் கவனியுங்கள், இதற்கும் அடியில் ஒரு ஃபைபர் லைன் வேண்டும். அது இல்லாமல் இது இல்லை.

டவர்

அடிவாரத்தின் உண்மையான பிரச்சினை கைப்பேசி சிக்னல். பிரசவ வலி வந்தால் 108-க்குப் பேச மேட்டுக்கு ஏற வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியிலிருந்து வருகைப் பதிவைக் கைப்பேசிச் செயலியில்தான் போட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பணித்தளப் பொறுப்பாளர் எடுத்த படத்தை ஏற்றுவதற்காக ஒரு கிலோமீட்டர் நடந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன். படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி சந்தேகம். வீட்டு வைஃபை இதற்கு உதவாது, வேலை நடப்பது ஏரிக்கரையில்.

டவர் கேட்பதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் தங்கள் கணக்குக்கு வந்தால் வரும். அடிவாரத்தில் எண்பது வீடு, வருவார்களா? அரசுப் பக்கத்தில், சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒப்புதல் கிடைத்தது. அதைச் செய்வது பி.எஸ்.என்.எல். அந்தப் பட்டியலில் உங்கள் குக்கிராமம் இருக்கிறதா என்று கேட்பதுதான் முதல் வேலை. பட்டியலில் சிக்கல் என்னவென்றால், மெயின் ஊரில் சிக்னல் இருந்துவிட்டால் மொத்த ஊரும் "வசதி உள்ளது" என்று போய்விடும். குக்கிராமம் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

அதனால் அளந்து காட்ட வேண்டும். நாங்கள் மூன்று நிறுவனங்களின் சிம் போட்ட மூன்று கைப்பேசிகளை எடுத்துக்கொண்டு, வேகம் அளக்கும் டிராயின் மைஸ்பீடு செயலியோடு ஒரு முழுநாள் நடந்தோம். ரேஷன் கடை, அங்கன்வாடி, பால் சொசைட்டி, மேல்நிலைத் தொட்டி, கடைசிக் கொட்டாய் என்று பதினொரு இடம். ஒவ்வொரு இடத்திலும் கட்டிடத்துக்கு உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை. நிறுவனங்கள் தங்கள் சிக்னல் வரைபடத்தை இப்போது இணையத்தில் போட வேண்டும் என்று டிராய் விதி இருக்கிறது. அந்த வரைபடத்தையும் எங்கள் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தோம். முன்பு கொடுத்த வெறும் மனுக்களுக்கு வராத ஒரு கேள்வி இதற்கு வந்தது: "இடம் இருக்கா?" என்று கேட்டார்கள். புறம்போக்கு சர்வே எண்ணும் பாதையும் மின்கம்பம் எவ்வளவு தூரம் என்பதும் கையில் இருந்ததால் அன்றைக்கே பதில் சொல்ல முடிந்தது.

எந்த நிறுவனத்தின் டவர் வந்தால் யார் சிம்முக்கு உதவும் என்ற சண்டை கிராம சபையில் நிச்சயம் வரும். அரசு நிதியில் கட்டிய டவர்களில் மற்ற நிறுவன சிம்களும் 4ஜி எடுத்துக்கொள்ளும் வசதியை 2025 ஜனவரியில் தொடங்கினார்கள். கோரிக்கையில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம் கதிர்வீச்சு பயம். "டவர் வந்தா குருவி சாகும், குழந்தைக்கு ஆகாது" என்று எங்கள் சபையில் ஒரு பாட்டி எழுந்து சொன்னார். அதை ஒதுக்கித் தள்ளுவது மரியாதை இல்லை. இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கு 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வரம்பு, சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பு சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்கு. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் எந்த டவரையும் தேடிப் பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். பாட்டியின் பேத்தியே கைப்பேசியில் பக்கத்து ஊர் டவரை எடுத்துக் காட்டினார். பாட்டி முழுக்கச் சமாதானம் ஆகவில்லை, ஆனால் "அளந்து காட்டுவாங்கன்னா வரட்டும்" என்றார். இன்னொரு எச்சரிக்கை: "உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், மாதம் இத்தனை வாடகை, முதலில் முன்பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் அது மோசடி. நில உரிமையாளரிடம் பணம் கேட்கும் வழக்கமே கிடையாது. எங்கள் ஊரில் ஒருவர் நாற்பதாயிரம் இழந்தார்.

நாங்கள் போட்ட வரிசை

எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தோம். அப்படி இல்லை. டீக்கடை வைஃபைக்கு ஃபைபர் வேண்டும். டவர் வேகமாக ஓடுவதற்கும் அதன் காலடிக்கு ஃபைபர் வந்தால்தான் நல்லது. ஆக ஃபைபர்தான் வேர். யார் மூலம் என்பதில்தான் தேர்வு.

அந்தத் தேர்வில் எங்கள் முடிவு: அலுவலகப் பெட்டியின் லைன் ஊராட்சி வேலைக்கு. இப்போது வீட்டுவரி ரசீது முதல் கட்டிட அனுமதி, கணக்கு வரை எல்லாம் ஆன்லைன். முன்பு செயலர் இதற்காக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒன்றிய அலுவலகம் போவார். வீடுகளுக்கு உள்ளூர் கேபிள்காரர். அரசு லைனுக்கு எங்கள் ஊரில் ஓர் உரிமதாரர் வந்து, அவருக்கும் மெஷினும் ஆளும் பக்கத்தில் இருந்தால், அப்போது இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டு பேர் இருப்பது வீடுகளுக்கு நல்லதுதான். ஊராட்சியே இணைய நிறுவனம் நடத்தலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். குடிநீர் மோட்டார் எரிந்தால் மாற்றவே மூன்று கையெழுத்து வேண்டிய இடத்தில், இரவு பத்து மணிக்கு அறுந்த லைனை யார் போய்ப் பார்ப்பது? நான் வேண்டாம் என்றேன், இன்றும் அதேதான் சொல்வேன்.

கேபிள்காரரிடம் பணம் கேட்கவில்லை. கேபிள் கொண்டுபோக இடம் கொடுப்பது பற்றிய பாதை உரிமை விதிப்படி நிர்வாகச் செலவும் தோண்டிய இடத்தைச் சரிசெய்யும் செலவும் தவிர வேறு கட்டணம் கேட்கவும் கூடாது. வேண்டுகோளாக மூன்று கேட்டோம்: கேபிளை லாரி உயரத்துக்கு மேல் கட்டுவது, அறுந்தால் மறுநாளுக்குள் வருவது, பள்ளிக்கும் நூலகத்துக்கும் முதலில் கொடுப்பது. மூன்றுக்கும் சம்மதித்தார். முதல் இரண்டைச் செய்கிறார். நூலகத்துக்கு லைன் வர எட்டு மாதம் ஆனது.

பதிலுக்கு எங்கள் பக்கமும் ஒரு கடமை இருந்தது. ஊரில் கேபிளை அதிகம் அறுப்பது எலியோ லாரியோ இல்லை, குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும் ஜே.சி.பி.தான், அதாவது ஊராட்சி வேலைதான். தோண்டும் முன் தகவல் சொல்வதற்காகவே 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு ஒரு செயலியைத் தொடங்கியது. ஒப்பந்ததாரருக்கு வேலை உத்தரவு கொடுக்கும்போதே, அந்தச் செயலியில் பதிந்து, கேபிள்காரருக்கும் போன் செய்துவிட்டுத்தான் தோண்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் அறுந்தது.

எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். கோப்புகளை ஒப்படைக்கும்போது அந்தப் பதினொரு இடத்து அட்டவணையை மேலே வைத்துக் கொடுத்தேன், ஒரு நகலை வீட்டில் வைத்திருக்கிறேன். அடிவாரத்துக்கு இன்னும் டவர் வரவில்லை. கேபிள்காரர் காலனியிலிருந்து ஒன்றே கால் கிலோமீட்டருக்கு லைன் இழுத்து ரேஷன் கடைக்குக் கொடுத்திருக்கிறார். கைரேகை இயந்திரம் இப்போது மேசை மேல் இருக்கிறது. மேட்டுக்கு ஏறித்தான் இன்னும் 108-க்குப் பேசுகிறார்கள், அந்த அட்டவணையோடு அடுத்த கிராம சபைக்கும் போகிறேன்.